சரியான விடை, தப்பான வழி: எத்தனை மார்க்?

போன வாரம் 43 விடைத்தாள்களைத் திருத்த உட்கார்ந்தேன். பதினேழாவது தாளில் பேனா நின்றுவிட்டது. கேள்வி இதுதான்:

(அ + 3)(2 − அ) = 4 என்ற சமன்பாட்டைத் தீர்க்க. 5 மதிப்பெண்.

(போர்டில் எக்ஸ் போட்டுத்தான் எழுதுவேன். இங்கே தமிழில் தட்டுவதால் ‘அ’. தெரியாத எண்ணுக்கு எந்த எழுத்தாக இருந்தால் என்ன.)

அந்தப் பையன் மூன்றே வரியில் முடித்திருந்தான். ‘அ + 3 = 4, ஆகவே அ = 1. 2 − அ = 4, ஆகவே அ = −2. விடை: 1, −2.’

இது எனக்கு ரொம்பப் பழகிய தப்பு. வலது பக்கம் பூஜ்யம் இருந்தால்தான் காரணிகளை இப்படித் தனித்தனியாகப் பிரித்து எழுதலாம். இரண்டு எண்களைப் பெருக்கிப் பூஜ்யம் வந்தால் அவற்றில் ஒன்றாவது பூஜ்யமாக இருந்தே ஆக வேண்டும். பெருக்கி 4 வந்தால் ஒன்று 4 ஆகத்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? இரண்டும் 2 ஆக இருக்கலாம். ஒன்று 8, இன்னொன்று அரை என்றும் இருக்கலாம். வகுப்பில் குறைந்தது ஆறு தடவையாவது சொல்லியிருப்பேன். சிவப்பு பேனாவால் ஒரு சுழி சுழிக்கப் போனவள், விடையைப் பார்த்தேன். 1, −2. சரியான விடை! நம்பாமல் பிரதியிட்டும் பார்த்தேன். 1 போட்டால் 4 × 1 = 4. −2 போட்டால் 1 × 4 = 4. இரண்டும் கச்சிதமாகப் பொருந்துகிறது. கேள்வியைத் தயாரித்தவள் நான்தான். இப்படி ஒரு ஓட்டை இருப்பது எனக்கே தெரியவில்லை.

அடுத்த தாள் ஒரு பெண்ணுடையது. அடைப்புக்குறிகளை ஒழுங்காகப் பெருக்கி, எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்து, −அ² − அ + 2 = 0 வரை வந்துவிட்டாள். அப்புறம் −1 ஆல் பெருக்கும்போது கடைசி உறுப்பின் குறியை மாற்ற மறந்துவிட்டாள். அ² + அ + 2 = 0 ஆகிவிட்டது. அதற்குத் தன்மைகாட்டி (தீர்வு உண்டா இல்லையா என்று காட்டும் எண்) கண்டுபிடித்து, 1 − 8 = −7, குறை எண், ஆகவே மெய்யெண் தீர்வு இல்லை என்று முடித்திருந்தாள். விடை தப்பு. ஆனால் அந்தத் தப்பான சமன்பாட்டுக்கு அவள் சொன்னது முழுக்க முழுக்கச் சரி.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்றால் யோசித்திருக்கவே மாட்டேன். அவனுக்கு 5, அவளுக்கு 2. அடுத்த தாளைப் புரட்டியிருப்பேன். இப்போது 21 வருடம் ஆகிவிட்டது, இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த அரை மணி நேரத்தில் ஓடியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வருடத்தின் முதல் நாள் பிள்ளைகளுக்கு ஒரு தாள் கொடுப்பது என் வழக்கம். இந்த வகுப்பில் உங்களிடம் என்ன எதிர்பார்க்கிறேன், மார்க் எப்படிப் போடுவேன் என்று. ஆரம்பத்தில் அது முன்னும் பின்னும் இரண்டு பக்கம் ஓடும். மொத்தம் 14 விதிகள். மார்ஜின் போட வேண்டும். தலைப்புக்கு அடிக்கோடு. ஹோம்வொர்க் ஒரு நாள் தாமதமானால் 10 சதவீதம் குறையும். ஜியோமெட்ரி பாக்ஸ் கொண்டுவராவிட்டால் ஒரு மார்க் போச்சு. நோட்டுக்கு அட்டை போடாவிட்டால் இன்னொன்று. சமீபத்தில் பழைய ஃபைலைக் கிளறும்போது அந்தத் தாள் கிடைத்தது. எண்ணிப் பார்த்தேன், 14-ல் கணக்கைப் பற்றியவை மூன்றுதான். மற்றதெல்லாம் ஒரு கண்டிப்பான ஹாஸ்டல் வார்டன் எழுதியது போல இருந்தது. எழுதியவள் நான்தான் என்பது கையெழுத்திலேயே தெரிந்ததால் மறுக்க முடியவில்லை.

அந்தத் தாள் சுருங்கத் தொடங்கியது இரண்டு பிள்ளைகளால். எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, இருவரின் எண்களும் இன்னும் மனப்பாடம். அப்போது என் கணக்கு: ஹோம்வொர்க்குக்கு 20, வகுப்புத் தேர்வுகளுக்கு 30, ஆண்டுத் தேர்வுக்கு 50. தேர்ச்சிக்கு 50 வேண்டும்.

பையன் ஒரு நாள்கூட ஹோம்வொர்க் தவறியதில்லை. 20-க்கு 20. வகுப்புத் தேர்வில் 40 சதவீதம், அதாவது 12. ஆண்டுத் தேர்வில் 38 சதவீதம், 19. கூட்டினால் 51. பாஸ்.

பெண்ணுக்கு வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இருந்தது. ஹோம்வொர்க் நாலில் ஒன்றுதான் வரும். 20-க்கு 5. வகுப்புத் தேர்வில் 60 சதவீதம், 18. ஆண்டுத் தேர்வில் 52 சதவீதம், 26. கூட்டினால் 49. ஃபெயில்.

பரீட்சை ஹாலில் தனியாக உட்கார்ந்து போட்ட கணக்கு எதை எடுத்தாலும் அவள்தான் மேலே. இருந்தும் என் கையெழுத்தோடு போன பட்டியல், அவனுக்குக் கணக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது என்று சொன்னது. அவனுடைய ஹோம்வொர்க் எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. ஒருமுறை வகுப்பில் ஒன்பது நோட்டில் 17 என்பது 11 ஆக மாறியிருந்தது. முதலில் போட்டவன் 7-ஐ மேல்கோடு சரியாகத் தெரியாமல் எழுதுவான். மீதி எட்டுப் பேரும் கண்ணை மூடிக்கொண்டு காப்பி அடித்திருக்கிறார்கள். அதற்கும் அன்றைக்கு ஒன்பது டிக் போட்டேன்.

இப்போது ஹோம்வொர்க்குக்கு மார்க் கிடையாது. கொடுப்பேன், பார்ப்பேன், தப்பு இருந்தால் சொல்வேன், செய்யாதவர்களிடம் ஏன் என்று கேட்பேன். அவ்வளவுதான். போன் கேமராவைக் காட்டினால் வரி வரியாகக் கணக்கைப் போட்டுக் கொடுக்கும் செயலிகள் வந்த பிறகு இந்த முடிவைப் பற்றி எனக்குத் துளியும் வருத்தமில்லை. ‘மார்க் இல்லன்னா யார் செய்வாங்க மிஸ்?’ என்று சக ஆசிரியை ஒருவர் கேட்டார். முதல் மாதம் பாதிப் பேர் செய்யவில்லை, உண்மைதான். முதல் யூனிட் டெஸ்ட் முடிந்ததும் அதில் பாதிப் பேர் தானாகச் செய்ய ஆரம்பித்தார்கள். மீதிப் பேர் மார்க் கொடுத்த காலத்திலும் காப்பிதான் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த அடி புள்ளியியல் பாடத்தில் விழுந்தது. சராசரி, இடைநிலை (எண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது) இரண்டையும் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு எண் மட்டும் கூட்டத்தை விட்டு எங்கேயோ தள்ளி நின்றால் சராசரி அதன் பக்கம் இழுபடும், அப்போது இடைநிலையைப் பாருங்கள் என்று சொன்னேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: “அப்போ எங்க மார்க்குக்கு மட்டும் ஏன் மிஸ் சராசரி எடுக்கறீங்க?”

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுடைய ஐந்து தேர்வு மார்க்கையும் போர்டில் எழுதச் சொன்னேன். 80, 85, 90, 0, 85. அந்தப் பூஜ்யம், காய்ச்சலில் வராமல், விடுப்புக் கடிதமும் கொண்டுவராத ஒரு நாள். கூட்டினால் 340, சராசரி 68. இடைநிலை 85. அந்தப் பையனைத் தெரிந்த யாரும் அவனை 68 என்று சொல்ல மாட்டார்கள். எழுதாத தேர்வின் பூஜ்யம் அவனுக்கு என்ன தெரியும் என்பதைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அதை நான் மற்ற எண்களோடு சேர்த்துக் கூட்டி, ஐந்தால் வகுத்து, கணக்கு மதிப்பெண் என்று பெயர் வைத்திருந்தேன்.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராமல் இன்னொன்றையும் யோசித்தேன். ஒரு பிள்ளை 30, 45, 70, 85, 90 என்று ஏறிக்கொண்டே போகிறது. இன்னொரு பிள்ளை 90, 85, 70, 45, 30 என்று இறங்கிக்கொண்டே போகிறது. இரண்டுக்கும் சராசரி 64. கூட்டலுக்கு வரிசை தெரியாது. அது கூட்டலின் பரிமாற்றுப் பண்பு என்று நானே ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடத்தியிருக்கிறேன். முதல் பிள்ளை இப்போது பாடத்தைப் பிடித்துவிட்டது. இரண்டாவது பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது, யாராவது உடனே கூப்பிட்டுப் பேச வேண்டும். என் பதிவேட்டில் இரண்டும் ஒரே எண்.

பள்ளியின் படிவத்தை நான் மாற்ற முடியாது. கடைசியில் ஒரு எண்ணை நிரப்பித்தான் ஆக வேண்டும். ஆனால் அந்த எண்ணுக்குள் எது போகிறது என்பதில் கொஞ்சம் இடம் இருக்கிறது. ஒரே பாடப்பகுதியில் இரண்டு தேர்வு இருந்தால் பிந்தியதை எடுக்கிறேன். வராத நாளுக்குப் பூஜ்யம் போடுவதில்லை, வந்த பிறகு எழுத வைக்கிறேன்.

மறுதேர்வு பற்றிக் கேட்கிறவர்கள் நிறைய. அதில் நான் முதலில் ஏமாந்தேன். யார் வேண்டுமானாலும் எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதலாம், கூடுதல் மார்க்கை எடுத்துக்கொள்கிறேன் என்றேன். பிள்ளைகள் என்னைவிடப் புத்திசாலிகள். முதல் தேர்வைக் கேள்வித்தாள் பார்க்க வரும் சடங்காக மாற்றிவிட்டார்கள். இப்போது ஒரே ஒரு மறுதேர்வு, பத்து நாளுக்குள். வருவதற்கு முன்னால் பழைய தாளில் ஒவ்வொரு தப்புக்கும் பக்கத்தில் எங்கே வழுக்கியது என்று தன் கையால் ஒரு வரி எழுதிக் கொண்டுவர வேண்டும். இரண்டாவது மார்க் குறைந்தால் குறைந்ததுதான் நிற்கும். இந்தக் கடைசி விதியைச் சொன்ன அன்றைக்கு மறுதேர்வுப் பட்டியல் 22 பேரிலிருந்து 9 பேராகக் குறைந்தது. அந்த ஒன்பது பேரும் படித்துவிட்டு வந்தார்கள். எனக்கு வேலை கூடிவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இரண்டாவது கேள்வித்தாள் தயாரிப்பது விளையாட்டில்லை.

சரி, திருத்துவதற்கு வருகிறேன். கணக்கு என்றால் சரி அல்லது தப்பு, மார்க் போடுவது சுலபம் என்று மொழிப்பாட ஆசிரியர்கள் எங்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். 1913-ல் ஸ்டார்ச், எலியட் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரே ஒரு வடிவியல் விடைத்தாளைப் பிரதி எடுத்து நூற்றுக்கும் மேற்பட்ட கணித ஆசிரியர்களுக்கு அனுப்பினார்கள். நூற்றுக்கு வந்த மதிப்பெண்கள் 30-க்கும் கீழே தொடங்கி 90-க்கும் மேலே போயின. ஒரே தாள்! ஒருவர் நிரூபணத்தைப் பார்த்தார், ஒருவர் விடையைப் பார்த்தார், இன்னொருவர் கையெழுத்தைப் பார்த்தார். நூறு வருடம் ஆகிவிட்டது, இப்போது அப்படியில்லை என்று நினைத்து எங்கள் ஆசிரியர் அறையில் நானே ஒரு சோதனை வைத்தேன். பெயரை மறைத்து ஒரு 10 மார்க் விடையை ஐந்து பேரிடம் கொடுத்தேன். வந்தவை 3, 5, 5, 7, 8. மூன்று போட்டவர்தான் எங்களில் மூத்தவர். அவரிடம் விவாதித்து ஜெயிக்க முடியாது என்பதால் டீ குடிக்கப் போய்விட்டோம்.

அதிலிருந்து திருத்தும் முறையை மாற்றிக்கொண்டேன். ஒரு பிள்ளையின் தாளை முதல் கேள்வியிலிருந்து கடைசிவரை திருத்துவதில்லை. முதல் கேள்வியை 43 தாளிலும் திருத்திவிட்டு, கட்டைக் கலைத்து அடுக்கிவிட்டு, இரண்டாவது கேள்விக்குப் போகிறேன். அப்போதுதான் ஐந்தாவது தாளில் எவ்வளவு கடுமையாக இருந்தேனோ அதே கடுமை நாற்பதாவது தாளிலும் இருக்கிறது. நன்றாக எழுதுகிற பிள்ளையின் முதல் பக்க அழகு நாலாவது பக்கத் தப்பை மூடுவதும் குறைகிறது. பெயர் இருக்கும் மேல் பகுதியைப் பின்பக்கம் மடித்துவிடுவேன். முழுசாக உதவாது, கையெழுத்தை வைத்தே பாதிப் பேரைத் தெரிந்துவிடும்.

ஸ்டெப் மார்க் போடுவதில் ஒரு கொள்கை வைத்திருக்கிறேன்: ஒரு தப்புக்கு ஒரு தடவைதான் தண்டனை. இரண்டாவது வரியில் குறி மாறிவிட்டால் அங்கே ஒன்று குறையும். அதற்குப் பிறகு அந்தத் தப்பான எண்ணை வைத்து முறை பிசகாமல் போயிருந்தால் மீதி மார்க் முழுசாக உண்டு. பிரிட்டன் பொதுத்தேர்வுகளிலும் ஐ.பி. (இன்டர்நேஷனல் பாக்கலோரியட்) என்ற சர்வதேசப் பாடத்திட்டத்தின் தேர்விலும் முறைக்குத் தனி மதிப்பெண், துல்லியத்துக்குத் தனி மதிப்பெண் என்று விடைக்குறிப்பிலேயே பிரித்து வைத்திருக்கிறார்கள். முந்தைய தப்பைத் தொடர்ந்து போனவர்களுக்கு எப்போது மார்க் கொடுக்கலாம் என்பதற்கும் விதி இருக்கிறது. நான் கண்டுபிடித்தது எதுவும் இல்லை. கண்டுபிடிக்க வேண்டியதில்லை என்று தெரிந்துகொள்ளத்தான் பத்து வருடம் ஆனது.

இதில் ஒரு சிக்கல், ‘கவனக்குறைவு’ என்ற வார்த்தை. பெற்றோர் கூட்டத்தில் இதைக் கேட்காத நாளே இல்லை. “எல்லாம் தெரியும் மிஸ், கேர்லெஸ் மிஸ்டேக்தான்.” ஒரு பிள்ளையின் நாலு மாதத் தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு எண்ணினேன். −(அ − 3) என்பதை −அ − 3 என்று 11 இடத்தில் எழுதியிருந்தது. ஒரு தடவை என்றால் கவனக்குறைவு. பதினோரு தடவை ஒரே இடத்தில் ஒரே மாதிரி விழுந்தால், அடைப்புக்குறிக்கு முன்னால் இருக்கும் கழித்தல் உள்ளே இருக்கிற எல்லோரையும் தொடும் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை. ‘இன்னும் கவனமாக இரு’ என்று 11 தடவை சிவப்பில் எழுதியிருக்கிறேன். ஒரு தடவை உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சொன்னேன், இருபது நிமிடம் ஆனது.

பிள்ளைகளிடம் நான் விட்டுக்கொடுக்காத எதிர்பார்ப்பு ஒன்று உண்டு. அது சமக்குறி. 3 + 4-ஐ இரண்டால் பெருக்கி ஐந்தைக் கழிக்கச் சொன்னால், 3 + 4 = 7 × 2 = 14 − 5 = 9 என்று ரயில் பெட்டி மாதிரி கோத்து எழுதுவார்கள். இதன்படி 7-ம் 14-ம் 9-ம் எல்லாம் ஒன்று. அவர்களுக்குச் சமக்குறி என்றால் ‘அப்புறம்’ என்று அர்த்தம். 1557-ல் ராபர்ட் ரெக்கார்ட் இந்தக் குறியைக் கொண்டுவந்தபோது, ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளைவிடச் சமமானவை வேறு எவை இருக்க முடியும் என்றுதான் அதைத் தேர்ந்தெடுத்தார். இந்தக் கதையை முதல் வாரமே சொல்லிவிடுவேன். மார்ஜின் இல்லாவிட்டால் இப்போது கண்டுகொள்வதில்லை. சமக்குறியை ‘அப்புறம்’ ஆக்கினால் அரை மார்க் கட்டாயம் போகும். இதைக் கொடுமை என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். இதைச் சரிசெய்யாத பிள்ளை சமன்பாட்டில் ஒரு பக்கம் செய்வதை ஏன் மறுபக்கமும் செய்ய வேண்டும் என்பதைக் கடைசிவரை மனப்பாடமாகத்தான் செய்கிறது.

தாளைத் திருப்பிக் கொடுக்கும் நாள் இருக்கிறதே, அதுதான் சோகம். மூன்று இரவு உட்கார்ந்து ஓரத்தில் குறிப்பு எழுதியிருப்பேன். பிள்ளை மேலே இருக்கும் எண்ணைப் பார்க்கும், பக்கத்தில் இருப்பவன் எண்ணைப் பார்க்கும், டோட்டலைச் சரிபார்க்கும், மடித்துப் பையில் வைத்துவிடும். 1988-ல் ரூத் பட்லர் என்ற இஸ்ரேலிய ஆய்வாளர் பள்ளிப் பிள்ளைகளை மூன்று குழுவாகப் பிரித்தார். ஒன்றுக்கு மதிப்பெண் மட்டும், ஒன்றுக்குக் கருத்து மட்டும், ஒன்றுக்கு இரண்டும். கருத்து மட்டும் வாங்கிய பிள்ளைகள்தான் அடுத்த வேலையை நன்றாகச் செய்தார்கள். இரண்டும் வாங்கியவர்களுக்கு அந்த நன்மை கிடைக்கவில்லை. எண் பக்கத்தில் இருந்தால் எழுத்தை யாரும் படிப்பதில்லை. படித்ததும் இது என் மூன்று இரவின் கதை அல்லவா என்று தோன்றியது.

அதனால் இரண்டு வருடமாகத் தாளை மார்க் இல்லாமல் கொடுக்கிறேன். தப்பு இருக்கும் வரிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி, தேவைப்பட்டால் ஒரு கேள்வி. எண் என் நோட்டில் இருக்கும், இரண்டு நாள் கழித்துச் சொல்வேன். முதல் தடவை கலவரமே வந்தது. “மிஸ், மேல போட மறந்துட்டீங்க.” “மறக்கல.” “பாஸா ஃபெயிலா, அதையாவது சொல்லுங்க மிஸ்.” ஒரு பெண் புள்ளிகளை எண்ணி, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு குறைத்திருப்பேன் என்று கணக்குப் போட்டு, தன் மார்க்கைக் கண்டுபிடித்தேவிட்டாள். ஒரு மார்க்தான் வித்தியாசம். அதைக் கண்டுபிடிக்க அவள் தன் தப்புகள் எல்லாவற்றையும் படிக்க வேண்டியிருந்தது என்பதால் நான் ஒன்றும் சொல்லவில்லை.

பிள்ளைகளிடம் நான் எதிர்பார்ப்பதைத் தாளில் அச்சடித்துவிடலாம். அச்சடிக்காமல் மனசுக்குள் வைத்திருப்பதுதான் ஆபத்து. 1968-ல் ரோசந்தால், ஜேக்கப்சன் என்ற இருவர் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். குலுக்கல் முறையில் சில பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, இவர்கள் இந்த வருடம் நன்றாக மலரப் போகிறார்கள் என்று ஆசிரியர்களிடம் மட்டும் சொன்னார்கள். கீழ் வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் உண்மையிலேயே மற்றவர்களைவிட முன்னேறினார்கள் என்றது ஆய்வு. அதன் கணக்கு முறையைப் பலர் கடுமையாக விமர்சித்தார்கள், விளைவு அவ்வளவு பெரிதில்லை என்றும் வாதம் உண்டு. இருக்கட்டும். என் விஷயத்தில் ஆய்வே தேவைப்படவில்லை. ஒரு மாதம், யாரிடம் என்ன கேள்வி கேட்டேன் என்று வகுப்பு முடிந்ததும் குறித்து வைத்தேன். ‘ஏன்’ என்று தொடங்கும் கேள்விகள் எல்லாம் முதல் இரண்டு பெஞ்சுக்குப் போயிருந்தன. பின்பெஞ்சுக்குப் போனவை, ‘ஏழு எட்டு எவ்வளவு?’ ரகம். அதுவும் ஒரு நொடி பொறுத்துவிட்டு நானே பதில் சொல்லியிருக்கிறேன்.

போன வருட மதிப்பெண் பட்டியலை இப்போது முதல் மாதம் முடியும்வரை திறப்பதில்லை. கேள்வி கேட்டால் மனசுக்குள் ஐந்துவரை எண்ணுகிறேன். வகுப்பு நிசப்தமாக இருக்கும்போது ஐந்து எவ்வளவு நீளம் என்பது ஆசிரியர்களுக்குத்தான் தெரியும்.

அந்த பதினேழாவது தாள்காரன் பின்பெஞ்ச் பையன். குறியை மாற்ற மறந்த பெண்ணுக்கு 4 போட்டேன், அதில் யோசிக்க எதுவுமில்லை. அவனுக்கு என்ன போடுவது? விடை சரி, ஆனால் சரியாக வந்தது என் கவனக்குறைவால். முறைக்கு ஒன்றும் கிடையாது. விடைக்கு 2 போட்டுவிட்டு, ‘வலது பக்கம் 6 என்று மாற்றி இதே வழியில் போட்டுப் பார்’ என்று ஓரத்தில் எழுதினேன்.

தாள் கொடுத்த மறுநாள் மதியம் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றான். மார்க் என்ன என்று கேட்கத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தேன்.

“6 போட்டா வரல மிஸ். 3, −4 வருது. திரும்பப் போட்டுப் பார்த்தா ரெண்டும் −6 ஆயிடுது.”

“அப்போ 4-க்கு மட்டும் ஏன் வந்துச்சு?”

ஐந்துவரை எண்ணினேன். பத்துவரைகூட எண்ணினேன். அவன் என் மேஜையில் கிடந்த ஒரு துண்டுத் தாளை எடுத்தான். “ரெண்டு பிராக்கெட்டையும் கூட்டுனா அ அடிபட்டு எப்பவும் 5 தான் வருது. ஒண்ணு 4-ன்னா இன்னொண்ணு தானா 1 ஆயிடும். நாலு ஒண்ணு நாலு. 6-க்கு அது நடக்காது மிஸ், ஆறும் ஒண்ணும் ஏழாயிடும்.”

இதை நான் வீட்டில் கண்டுபிடிக்கக் கால் மணி நேரம் ஆனது. அந்த 2-ஐ 5 ஆக மாற்றிவிடலாமா என்று ஒரு நிமிடம் கை பரபரத்தது. மாற்றவில்லை. அன்றைய தேர்வில் அவனுக்கு இது தெரியாது. அடுத்த வாரம் மறுதேர்வு இருக்கிறது, அதில் எடுத்துக்கொள்ளட்டும்.

அவன் மார்க்கைப் பற்றிக் கேட்கவே இல்லை. துண்டுத் தாளின் பின்பக்கம் வேறொன்றை எழுதி நீட்டினான்: (அ + 7)(4 − அ) = 10.

“இதுவும் அதே மாதிரிதான் மிஸ், நானே செஞ்சேன். பக்கத்து செக்‌ஷன் டெஸ்ட்ல போடுங்க. எத்தனை பேர் மாட்டுறாங்கன்னு பார்ப்போம்.”